தட்டில் ஒரு குழல், மடியில் ஒரு குழல்

அக்டோபர் மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நான் உறுப்பினனாக இருக்கும் விமானப் பயிற்சிச் சங்கத்தின் தலைமைப் பயிற்றுநர், என் மகள் பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சான்றை என் கையிலிருந்து வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டு, பையின் ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டார். இதுவே என் முறையீடு. இதற்கு மேல் நான் எழுதப்போவது, அது எவ்வாறு நடந்தது என்பதையும், உண்மை தெரிந்தவர்கள் எவ்வளவு வசதியாக வாய்மூடி இருக்கிறார்கள் என்பதையுமே.

நான் பள்ளியில் மொழிப்பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், இல்லாவிட்டால் மருமகளோடு சண்டை போடுவார்கள், உங்களுக்கு மட்டும் ஆகாயம் கேட்கிறது என்று என் மனைவி சொல்வாள். உண்மையில் ஆகாயத்தைக் கேட்டவள் என் மகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுவதும் ஜன்னல் இல்லாத இருட்டறையில் நிற்பவள், விடுமுறை நாளில் மேலே போக விரும்பியதில் வியப்பில்லை. அவளைப் பயிற்சிக்கு அழைத்துப்போய், ஓடுபாதையின் ஓரத்தில் பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் நானும் சேர்ந்தேன். அவள் முதலில் தேறினாள். நான் பின்னால் தேறினேன். தந்தைக்கு மகள் பாடம் சொல்லிக்கொடுத்த வீடு எங்களுடையது. இருவருமே சொந்த மகிழ்ச்சிக்காக மட்டும் ஓட்டும் தனியார் விமானிகள். கூலிக்கு ஓட்டுபவர்கள் அல்லர்.

கடந்த மார்ச் மாதம், காற்றே இல்லாத ஒரு காலையில், சங்கத்தின் இரண்டு இருக்கை விமானத்தை அவள் தனியாக எடுத்துச் சென்றாள். எங்கள் சங்கத்தில் குட்டிக்கரணம் போடுவதற்கென்றே வலுவாகக் கட்டப்பட்ட விமானம் அது ஒன்றுதான். இருக்கையில் அமர்பவரின் தொடைகளுக்கு நடுவே ஒரு கோல் நிற்கும். அதைப் பின்னால் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே எழும்; முன்னால் தள்ளினால் தாழும். தரையைத் தொடும் கடைசி நொடியில் கோலை நன்றாகப் பின்னால் இழுத்தாக வேண்டும். இழுக்காவிட்டால் முன்சக்கரம் முதலில் மோதும். அவள் இழுத்தாள். கோல் பாதி வழி வந்து, மரக்கட்டையில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. முன்சக்கரம் மோதி, அதைத் தாங்கும் தண்டு முறிந்தது. மூக்கிலுள்ள விசிறி தரையில் இடித்து வளைந்தது. இருக்கை வார் அழுத்திய தோளில் ஒரு கன்றல் தவிர அவளுக்கு ஒன்றுமில்லை. ஓடிப்போனவர்களில் முதல் ஆளிடம் அவள் சொன்ன முதல் சொல், "ஸ்டிக் வரல" என்பது.

மெக்கானிக் வந்து கோலை அசைத்துப் பார்த்தார். அது எண்ணெய் போட்டதுபோல் வந்தது, போயிற்று. அப்போது தலைமைப் பயிற்றுநர் சொன்னார்: "தரை கிட்ட வந்ததும் சில பேர் உறைஞ்சு போயிடுவாங்க. கை இழுத்துட்டதா மூளை நினைச்சுக்கும். கை இழுத்திருக்காது."

அந்த ஒரு வாக்கியமே விசாரணையின் முடிவாயிற்று. தரைப்பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்று என் மகள் கேட்டாள். எலும்பு உடைந்தவர்களை எல்லாம் உள்ளே பார்த்துத்தானே மருத்துவர் முடிவு சொல்கிறார் என்றும் கேட்டாள். மெக்கானிக் இடுக்கின் வழியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பது வரையில் அது உண்மை.

பயிற்றுநரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நேரில் அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பல்டி மாஸ்டர் என்பார்கள். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். எங்கள் சங்கத்துக்கு அவரை விட்டால் வேறு பயிற்றுநர் இல்லை. இந்தச் சொற்களை வாசகர் மறக்காதிருக்க வேண்டும்.

விபத்து நடந்த அதே வாரத்தில் கேப்டன் தம் சோதனைக் குழல் காணவில்லை என்று புலம்பத் தொடங்கினார். பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானியும் இறக்கைக்கு அடியிலிருந்து சிறிது பெட்ரோலைப் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கான கையடக்கக் குழல் அது. அவருடையது புகை படிந்த நிறத்தில், கெட்டிப் பிளாஸ்டிக்கில், ஒரு முனையில் திருப்புளி வைத்து, நடுவில் சிவப்பு டேப் சுற்றியது. அவர் கையில் அதைப் பார்க்காத நாள் இல்லை. எவனோ திருடிவிட்டான் என்று தேநீர் மேசையில் அமர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பொண்டாட்டி காணாமப் போயிருந்தாக்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டேன்" என்றார். சிரித்தோம். சங்கத்தின் செயலர் அடுத்த வாரமே புதுக் குழல் ஒன்று வாங்கி வந்து, எல்லோர் முன்னிலையிலும் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். நிறமற்ற, டேப் இல்லாத, பளபளப்பான குழல். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

செயலர் வேறு யாரும் அல்லர். என் மனைவியின் தம்பி. பல் மருத்துவர். என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன்.

மகளின் உரிமத்தை அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். தலைமைப் பயிற்றுநர் அவளை அருகில் அமர்த்திக் குட்டிக்கரணப் பாடம் நடத்தி, அவளுடைய பயம் தெளிந்துவிட்டது என்று ஆண்டு முடிவதற்குள் சான்று தந்தால் உரிமம் திரும்பும். தராவிட்டால் ரத்து. விமானம் மழைக்காலம் முழுவதும் பட்டறையில் கிடந்து, முன்பகுதி மட்டும் புதிதாக்கப்பட்டு, அக்டோபரில் வெளியே வந்தது. மகள் மாட்டேன் என்றாள்.

"எனக்குப் பயம் வரலன்னு சொல்றேன்ப்பா. இல்லாத நோய்க்கு மருந்து குடிச்சா, நோய் இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

விதியை எதிர்ப்பவர் விதிப்படி நடந்துகொண்டே எதிர்க்கவேண்டும் என்பது என் கொள்கை. அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று நான் முதலில் போய்ப் பார்த்து வருகிறேன், மரியாதைக் குறைவாக ஏதும் இல்லையெனில் நீ போ என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். என் மனைவி இடையில் புகுந்தாள். "நேரா உக்காந்தாலே முதுகு வலிக்குதுங்கிறீங்க. தலைகீழா வேற உக்காரணுமா?" என்றவள், மறுநாள் காலை என் மூக்குக்கண்ணாடியைப் பழைய பாவாடை நாடாவால் பின்னந்தலையோடு இறுகக் கட்டியும் விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர் மேசையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். என் மைத்துனரும் இருந்தார். கேப்டன் பெட்ரோலைச் சோதித்துவிட்டுப் புதுக் குழலைத் துடைத்தபடியே வந்து அமர்ந்தார். குழல் எப்படி இருக்கிறது என்று மைத்துனர் பெருமையோடு கேட்டார். கேப்டன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்.

"நல்லாத்தான் இருக்கு டாக்டர். இருந்தாலும் பழசு மாதிரி வருமா? எடுத்தவன் கையில இன்னும் இருந்தா, வெச்சுட்டுப் போயிடுறா சாமி, ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மேசை முழுவதும் சிரித்தது. வாசகர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். அந்தக் காலை வரை அவருடைய பழைய குழல் கிடைக்கவில்லை.

பிறகு விமானக் கொட்டகையின் வாயிலுக்குப் போனோம். குட்டிக்கரணம் போடப் போகிறவர்கள் அங்கே ஒரு முக்காலியின் மேலுள்ள தகரத் தட்டில் தம் பைகளில் இருப்பதை எல்லாம் கொட்டவேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். மேலே சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு. 'பைகளைக் காலி செய்யவும். உள்ளே மிதக்கும் பொருள் எதுவாயினும் உடனே விமானியிடம் ஒப்படைக்கவும்.' அதில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தைப் பேனாவால் சேர்த்தவன் நான்தான். எழுத்தில் பிழை இருந்ததே தவிர, விதியில் பிழை இல்லை. தலைகீழாகும்போது தளர்வாக இருக்கும் பொருள் எங்கு வேண்டுமானாலும் போய்ச் சிக்கும். மேலே போனபின் கட்டளை இடுபவர் ஒருவராகவே இருக்கவேண்டும்.

கேப்டன் முதலில் தம் பைகளைக் காலி செய்து காட்டினார். சாவிக்கொத்து, சீப்பு, கைப்பேசி, புதுக் குழல், எல்லாம் தட்டில் விழுந்தன. காற்சட்டைப் பைகள் இரண்டும் மாட்டின் காதுகள்போல் வெளியே தொங்கின. மார்புப் பையின் ஜிப்பைத் திறந்து, உள்துணியைப் பிதுக்கிக் காட்டினார். நான் என் பேனா, கைக்குட்டை, மாத்திரை அட்டை ஆகியவற்றை வைத்தேன்.

"நாடா நல்லா இருக்கு சார்," என்றார். பிறகு, பல பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில், "பாக்கெட்ல ஒரு சின்னக் கல்லு இருந்தாக்கூட ஆபத்து. ஸ்டிக்குக்கு அடியில போய் மாட்டிக்கிச்சுன்னா, நீங்களும் நானும் டீ குடிக்கத் திரும்பி வர மாட்டோம்" என்றார்.

"அப்படி மாட்டுறது உண்டா?" என்று கேட்டேன்.

"இங்கயா? நான் இருக்கிறப்பவா?"

மேலே போனோம். நான் இதற்கு முன் பறந்ததெல்லாம் மாட்டுவண்டிப் பயணம் என்பது சிறிது நேரத்தில் விளங்கியது. கீழே வயல்களும் ஒரு குளமும் தகரக் கூரைகளும் சாய்ந்து சாய்ந்து தெரிய, அவர் இருபுறமும் வளைந்து, சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மூக்கைத் தாழ்த்தினார். வேகம் கூடக் கூடக் காற்றின் ஓசை கீச்சென்று உயர்ந்தது. கோலைப் பின்னால் இழுத்தார். என் கன்னங்கள் தாடைக்கு இறங்கின. முழங்காலில் வைத்திருந்த கை அரிசி மூட்டைபோல் கனத்தது, தூக்க முடியவில்லை. பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாயின. எதிரே வானம் தவிர ஒன்றுமில்லை. தலையை அண்ணாந்து பாருங்கள் என்றார். பார்த்தேன். வயல்கள் என் உச்சந்தலைக்கு மேலே கூரைபோல் விரிந்திருந்தன. குளம் அதில் பொத்தலாக ஒளிர்ந்தது. மறுநொடி அந்தக் கூரை முகத்துக்கு நேரே இறங்கி வந்து, மீண்டும் தரையாயிற்று. வட்டம் முடியும் இடத்தில் விமானம் ஒரு முறை குலுங்கியது. தான் கலைத்துவிட்டுப் போன காற்றிலேயே தான் வந்து மோதும் குலுக்கல் அது என்றும், வட்டம் கோணலாக இருந்தால் அது வராது என்றும் கேப்டன் விளக்கினார்.

அது அழகாக இருந்தது. அதை மறைத்தால் நான் மற்றதிலும் பொய் சொல்பவன் ஆவேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரு பெரிய மகிழ்ச்சி இந்த மனிதரின் கையால்தான் கிடைக்கவேண்டுமா என்பதும் என் கோபங்களில் ஒன்று.

இரண்டாம் வட்டத்தை நான் போட்டேன். கோல் என் கைக்கு முழுவதுமாக வந்தது. அதை இழுக்கும்போதே என் மகளை நினைத்துக்கொண்டேன். வட்டங்களில் எதுவும் விழவில்லை. விழாது; வட்டத்தில் மனிதரும் பொருளும் இருக்கையோடு அழுந்தியே இருப்பார்கள். அடுத்தது அப்படி அன்று. விமானத்தை நீளவாக்கில் புரட்டி, தலைகீழாகவே சிறிது தூரம் பறப்போம், வாரில் தொங்கிப் பாருங்கள் என்றார்.

உலகம் பக்கவாட்டில் உருண்டது. நான் வாரில் தொங்கினேன். இரத்தம் முகத்தில் முட்டியது. கால்கள் தரைப்பலகையை விட்டுக் கிளம்பின. தரையில் எத்தனையோ நாளாகப் படிந்திருந்த புழுதி முழுவதும் எங்கள் முகத்தில் கொட்டியது. மணல், ஒரு திருகாணி வளையம், காய்ந்துபோன வண்டு ஒன்று. கேப்டன் பேசிக்கொண்டே இருந்தார்.

"தொங்குறதுக்குப் பயப்படக் கூடாது சார். வாரை நம்பணும். உங்க பொண்ணுக்கும் இதத்தான்..."

பேச்சு அங்கே நின்றது.

கோலின் அடியில், அது தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில், ஒரு தோல் உறை உண்டு. அதன் தையல் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. அந்த வாயிலிருந்து ஒன்று வழுக்கி வெளிவந்து, எங்கள் தலைக்கு மேலே இருந்த, அதாவது அப்போது கீழே இருந்த, கண்ணாடி மூடியில் 'டக்' என்று விழுந்தது. இருவருக்கும் நடுவே கண்ணாடி மேல் உருண்டது. புகை நிறம். சிவப்பு டேப். முனையில் திருப்புளி.

அவர் விமானத்தை நிமிர்த்திய வேகம், பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் வேகம் அன்று. குழல் என் மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். டேப் கிழிந்து, அதன் கீழே பிளாஸ்டிக் நசுங்கிப் பிறைபோல் ஒரு பள்ளம் இருந்தது. பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்குபோல இரண்டு உலோகங்களுக்கு இடையே அகப்பட்ட பள்ளம். அதில் உலோகத்தின் வெள்ளைக் கீறலும் இருந்தது. கோல் ஏன் பாதியில் நின்றது என்பதை இதற்கு மேல் எந்த விசாரணையும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. விபத்தன்று காலை, என் மகளுக்கு முன் அந்த விமானத்தை எடுத்தவர் கேப்டன். பெட்ரோலைச் சோதித்துவிட்டுக் குழலை இருக்கையில் போட்டிருக்கிறார். அது நழுவி உறைக்குள் இறங்கியிருக்கிறது. மகள் இழுக்கும்போது கோலைத் தடுத்து நின்றது, சக்கரம் மோதிய அதிர்ச்சியில் விடுபட்டுத் தரைக்கு அடியில் ஓடிவிட்டது. திருடிய கை எதுவும் இல்லை.

"கொடுங்க சார்," என்று கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொடுத்தேன். மிதக்கும் பொருளை உடனே விமானியிடம் ஒப்படைக்கவேண்டும். ஒற்றெழுத்தைச் சேர்த்து நானே செப்பனிட்ட விதி. இன்று அதே இடத்தில் அதே நிலையில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகாயத்தில் கோலைப் பிடித்திருப்பவரோடு ஒரு பொருளுக்காக மல்லுக்கட்டுவது அறிவுடையவன் செயலன்று. விதிப்படி நடந்தவனைப் பார்த்து, ஏன் நடந்தாய் என்று கேட்கிறார்கள். விதியின் மறைவில் திருடியவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஜிப் ஓசை கேட்டது. "இன்னிக்குப் போதும்," என்று திரும்பினார்.

இறங்கி, விமானத்தை நிறுத்தி, கண்ணாடி மூடியைத் திறந்தோம். அந்தக் குழலைக் காட்டுங்கள் என்றேன். அவருக்குள் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது. "என் தப்புதான் சார். காலையில பாக்கெட்ல வெச்சத எடுக்க மறந்துட்டேன்" என்று தாமாகவே சொன்னார். உங்கள் பைகள் வெளியே தொங்கியதை நான் பார்த்தேனே என்றேன். தகரத் தட்டைச் சுட்டிக்காட்டினேன். புதுக் குழல் அதில் கிடந்தது. "ரெண்டு வெச்சிருக்கேன் சார்," என்றார். நாடாவை அவிழ்க்க உதவி வேண்டுமா என்றும் கேட்டார்.

அன்று மாலையே மைத்துனரின் பல் மருத்துவமனைக்குப் போனேன். நோயாளிகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு நெடுநேரம் கையைக் கழுவினார். பல் பிடுங்காதபோதும் அவர் அப்படிக் கழுவி நான் பார்த்தது அன்றுதான்.

"அத்தான், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும்," என்றார். "அவர் லைசென்ஸைப் பிடுங்கிட்டா நமக்கு வேற ஆள் எங்க? கிளப்பையே மூடணும். இவளுக்கு என்ன, அவர்கூட ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்தா லைசென்ஸ் கைக்கு வந்துடும். நானே அவர்கிட்ட பேசுறேன்."

"அவ பயந்தாள்னு எழுதினது?"

"அத யாரு அத்தான் படிக்கப் போறா?"

உன் அக்காள் மகள் அவள் என்று நினைவூட்டினேன். அதனால்தான் சொல்கிறேன் என்றார். சொந்தக்காரன் வாயால் வரும்போது கோழைத்தனம்கூட அக்கறைபோல் ஒலிக்கிறது.

வீட்டில் மகள் குறுக்கே பேசாமல் நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கையில இருந்துச்சேப்பா. ஏம்ப்பா குடுத்தீங்க?"

விதியைச் சொன்னேன். அவள் சிரித்தாள். பள்ளி நாட்களில் ஒரு முறை, நடு வீதியில் கண்டெடுத்த பேனாவைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கவேண்டும் என்று அழுது நின்ற குழந்தை அவள். அப்படி வளர்த்தவன் நான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் மனைவிதான் அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அவரத் திட்டாதடி. அவரு தலைகீழா தொங்கினாலும் நேராத்தான் இருப்பாரு."

சங்கத்தின் குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடியது. மேசை அதே தேநீர் மேசை. தேநீர்க் கறையைக்கூட யாரும் துடைத்திருக்கவில்லை. நான் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கேப்டன் எழுந்தார். குட்டிக்கரணத்துக்கு முன் பையைக் காலி செய்யாதது தம் தவறு என்றும், இத்தனை ஆண்டுகளில் முதல் தவறு என்றும், எந்தக் கண்டிப்புக்கும் தாம் தலைவணங்குவதாகவும் குரல் தழுதழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். பெரிய குற்றத்தை மறைப்பதற்குச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு நல்ல போர்வை என்பதை அன்று கற்றேன். ஒருவர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து கைதட்டவும் செய்தார்.

என் மகள் எழுந்தாள். "திருட்டுப் போனது எப்படி உங்க பாக்கெட்டுக்கு வந்துச்சு கேப்டன்?"

"வீட்டு அலமாரிக்குப் பின்னால கிடைச்சதும்மா. போன மாசமே."

"போன மாசமே கிடைச்சிருந்தா, அன்னிக்குக் காலையில இதே மேசையில உக்காந்து, எடுத்தவன வெச்சுட்டுப் போகச் சொன்னது எதுக்கு?"

கேப்டன், தாம் அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றார். அன்று காலை அந்த மேசையில் சிரித்தவர்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் கோப்பைக்குள் பார்த்தார். என் மகள் கடைசியாகத் தன் தாய்மாமனைப் பார்த்தாள்.

"மாமா, நீங்கதானே கேட்டீங்க, புதுக் குழல் எப்படி இருக்குன்னு?"

"ஞாபகம் இல்லம்மா," என்றார் அவர். நூறு பேரின் பற்களை நினைவில் வைத்திருப்பவர்.

குழலைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். கேப்டன் ஆயத்தமாகவே வந்திருந்தார். எடுத்து மேசையில் வைத்தார். அதே குழல். நடுவில் சிவப்பு டேப். ஆனால் கிழிசல் எதுவும் இல்லாத புதிய டேப், பழையதைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு, கட்டுப்போட்ட விரல்போலச் சுற்றப்பட்டிருந்தது. இதை அவிழுங்கள், அடியில் பிறைபோல் ஒரு பள்ளம் இருக்கும் என்றேன். கையை நீட்டினேன்.

"அத்தான், போதும்," என்று என் மைத்துனர் குழலை எடுத்துக் கேப்டனிடம் கொடுத்தார். "ஒரு பெரிய மனுஷன் தப்ப ஒத்துக்கிட்டப்புறம் இப்படிப் பண்றது மரியாதையா?"

மறுபடியும் அதே ஜிப் ஓசை.

தீர்மானம் இது: பையைக் காலி செய்யாததற்காகக் கேப்டனுக்கு வாய்மொழிக் கண்டிப்பு. என் மகளின் பாடம் முன்பு முடிவு செய்தபடியே, கேப்டனோடு, ஆண்டு முடிவுக்குள். அவள் மேசையின் மேல் தன் விமானக் கொட்டகைச் சாவியை ஓசையில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனாள். அவர் அருகில் அவள் அமரமாட்டாள். ஆண்டு முடிந்தால் உரிமம் போய்விடும். பயந்தவள் என்ற பெயர் மட்டும் நிற்கும். இப்போது விடுமுறை நாட்களிலும் வேலை கேட்டு வாங்கி மருத்துவமனைக்குப் போகிறாள், அந்த ஜன்னல் இல்லாத அறைக்கு.

இந்த இதழ் எங்கள் சங்கத்தின் ஓய்வறைக்கும் வருகிறது. என் மைத்துனரின் காத்திருப்பு அறையிலும் கிடக்கிறது. ஆகவே உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் அன்று காலை அந்த மேசையில் இருந்தீர்கள். பழைய குழல் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லக் கேட்டுச் சிரித்தீர்கள். ஒரே பயிற்றுநர் போய்விட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும் என்பது எனக்குப் புரிகிறது. என் மகளின் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. டிசம்பர் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். உங்கள் காதால் கேட்டதை உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு டேப்பை உங்கள் கண்ணெதிரே அவிழ்க்கச் சொல்லுங்கள்.